அட்டையின் பின்புறத்தில் ஓர் எழுத்து

2025 மே மாதத்தில் ஒரு நாள் பரணை ஒழித்துக்கொண்டிருந்தபோது நமது பழைய ஜாமெட்ரி பாக்ஸ் அகப்பட்டது. திறந்தவன் மகன். உள்ளே துருவேறிய கவராயம் ஒன்றும், ரப்பர் வளையம் இற்று ஒட்டிக்கொண்டிருந்த அட்டைக்கட்டு ஒன்றும் இருந்தன. தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் சென்றோருக்கு விளக்கம் வேண்டியதில்லை. மல்யுத்த வீரர்களின் படம் அச்சிட்ட 'ட்ரம்ப் கார்டு' அது. ஒவ்வொரு வீரரின் படத்தோடும் அவரது தரவரிசை, உயரம், எடை, மார்பளவு, புஜத்தின் சுற்றளவு, மோதிய போட்டிகள், வென்ற போட்டிகள் ஆகியன எண்களாகத் தரப்பட்டிருக்கும். கையில் உள்ள மேலட்டையைப் பார்த்து "எடை!" என்று ஒருவன் அறைகூவ, எதிராளி தன் அட்டையின் எண்ணைச் சொல்ல வேண்டும். பெரிய எண் வெல்லும். இங்கிலாந்தில் எழுபதுகளின் பிற்பகுதியில் 'டாப் ட்ரம்ப்ஸ்' என்ற பெயரில் பரவிய ஆட்டம், கேபிள் தொலைக்காட்சி கொணர்ந்த மல்யுத்த மோகத்தோடு சேர்ந்து நமது பள்ளியின் வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்திருந்தது. ஆங்கில வகுப்பில் ஒரு வரி படிக்கத் திணறியவர்கள்கூட அந்த எண்களை மனப்பாடமாகச் சொன்னார்கள்.

மகனுக்கு அட்டைகள் புதியவையல்ல. அவனிடம் நூற்றுக்கணக்கில் உண்டு, கைப்பேசிக்குள். 2024 அக்டோபரில் வெளிவந்த போக்கிமான் அட்டைச் செயலி அது. மெய்யான காகித உறையைக் கிழிப்பதைப் போலவே திரையில் விரலால் கிழித்தால் ஐந்து அட்டைகள் மின்னிக்கொண்டு வெளிப்படும். அவற்றுக்கு மூலை மடங்காது, மழையில் நனையாது, எந்த ஆசிரியரும் பிடுங்கி மேசை இழுப்பறையில் போட்டுக்கொள்ள மாட்டார். நமது கட்டைப் புரட்டிய அவன் ஓர் அட்டையில் நின்றான்.

"அப்பா, பின்னாடி 'மு'ன்னு எழுதியிருக்கே, யாரு?"

அந்த அட்டை யோக்கோசுனா. ஜப்பானியராக வேடமிட்டு அரங்கேறிய, சமோவா வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கர். 1993இல் உலகப் பட்டம் வென்றவர். எடை 500 பவுண்டுக்கு மேல் என்று அறிவிக்கப்பட்டவர். அவர் அட்டையைக் கையில் வைத்திருப்பவன் "எடை" என்று சொல்லிவிட்டால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. அவ்வாண்டு ஏழாம் வகுப்பில் இருந்த நமக்கு அந்த அட்டை வாய்க்கவில்லை. பக்கத்து இருக்கைத் தோழனிடம் இருந்தது.

அதை நாம் அடைந்த விதம் பெருமைக்குரியதன்று. அடுத்த பதிப்பில் யோக்கோசுனாவை நீக்கிவிட்டார்கள் என்றும், இனி இந்த அட்டை எந்த ஆட்டத்திலும் செல்லாது என்றும் மதுரையிலிருந்து வந்த உறவினர் சொன்னதாக ஒரு கதை கட்டினோம். அப்படி ஓர் உறவினர் இல்லை. இரண்டு நாளில் தோழன் நம்பினான். நம்மிடம் இரட்டையாக இருந்த பிரெட் ஹார்ட் ஒன்றும் தேன்மிட்டாய் நான்கும் கைமாறின. மறுநாள் காலை அவன் கன்னத்தில் விரல் தடம் தெரிந்தது. அட்டை அவனுடையதன்று, அண்ணனுடையதாம்.

"டேய், அதத் திருப்பிக் குடுத்துர்றா. அண்ணன் கேக்கான்."

"மாத்துனது மாத்துனதுதான்" என்றோம். பள்ளிக்கூடத்துச் சட்டம் அது. அடுத்த ஆண்டு அவன் தந்தைக்கு மாற்றல் வந்தது. அவர்கள் ஊரை விட்டுப் போனார்கள்.

இக்கதையை மகனிடம் சொல்ல நேர்ந்தது. அவன் சிரிக்கவில்லை. "எங்க கேம்ல இப்படி ஏமாத்த முடியாதுப்பா" என்றான். உண்மைதான். அச்செயலியில் அட்டை மாற்றும் வசதி 2025 ஜனவரியில் வந்தபோது, ஒரே அரிதுத் தரத்தைச் சேர்ந்த இரண்டை மட்டுமே மாற்றிக்கொள்ளலாம் என்று விதித்திருந்தார்கள். ஒன்றுக்கு ஒன்று, தரத்துக்குத் தரம். பொய்யுரைக்கும் உறவினருக்கு அங்கே இடமில்லை.

ஆயின் அதே மே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. அவனுடைய அத்தை மகளுக்குப் பிறந்தநாள். அவள் நெடுநாளாய் விரும்பிய அட்டை இவனிடம் இரண்டு இருந்தது. ஒன்றைக் கொடுத்துவிட எண்ணினான், முடியவில்லை. பதிலுக்கு அதே தரத்து அட்டையொன்றை அவள் தந்தாக வேண்டும், அவளிடம் இல்லை. இருந்திருந்தாலும் மாற்றுவதற்கான வில்லைகளைச் சேர்க்கத் தன் வேறு நல்ல அட்டைகளை அவன் அழித்திருக்க வேண்டும். ஏமாற்றைத் தடுக்கும் வேலி கொடையையும் தடுத்து நின்றது. பலரும் குறை கூறியபின் அவ்வாண்டிலேயே வில்லை முறை கைவிடப்பட்டது. எளிய தரத்து அட்டைகளைத் தோழர்களுக்கு அனுப்பவும் வழி பிறந்தது. பிறந்தநாள் அதற்குள் கடந்துவிட்டிருந்தது.

மின்னட்டையை இகழ்வது நம் நோக்கமன்று. காகிதத்துக்கும் ஆயுள் உறுதியில்லை. 1952இல் அச்சிட்டு விற்காமல் தேங்கிய பேஸ்பால் அட்டைகளை டாப்ஸ் நிறுவனம் 1960இல் படகில் ஏற்றிச் சென்று கடலில் கொட்டியது. அதே ஆண்டுத் தொகுப்பின் மிக்கி மேன்டல் அட்டை ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. மூலை மழுங்காமல், கீறல் விழாமல் இருந்ததற்கான விலை அது. இப்போதெல்லாம் அட்டைகளை ஆய்ந்து ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் இட்டுப் பிளாஸ்டிக் பேழைக்குள் முத்திரையிட்டுத் தருகிறார்கள். பேழைக்குள் போன அட்டையை யாரும் ஆடுவதில்லை. கைப்பேசியில் இருப்பதற்கும் அதற்கும் பெரிய வேற்றுமை நமக்குத் தெரியவில்லை. பின்புறத்தில் பேனா மையால் 'மு' என்று கிறுக்கிய நமது யோக்கோசுனாவை அங்கே நீட்டினால் என்ன மதிப்பெண் கிடைக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அந்த எழுத்து நம்மை விடவில்லை. பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் விசாரித்ததில் எண் கிடைத்தது. திருப்பூரில் இருக்கிறான். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் முதல் செய்தியாக எதை எழுதுவது? அட்டையின் இருபுறத்தையும் படமெடுத்து அனுப்பி, "பொய் சொல்லி வாங்கியது. மன்னித்துக்கொள்" என்று மட்டும் எழுதினோம்.

அன்று முழுதும் பதில் இல்லை. இரவு பத்து மணிக்கு அழைத்தான். யோக்கோசுனாவைப் பற்றி அவன் எதுவும் பேசவில்லை. தேன்மிட்டாய் அவன் நினைவிலேயே இல்லை.

"அந்த 'மு' அண்ணன் எழுதுனது" என்றான். "அவன் போயி ஆறு வருசம் ஆச்சு. அவன் கையெழுத்துன்னு வீட்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்ல. ரேஷன் கார்டுல கைநாட்டு மாதிரி ஒரு கோடு இருக்கு, அவ்வளவுதான்."

படம்தான் கைப்பேசியில் இருக்கிறதே, அச்சிட்டுச் சட்டம் போட்டுக்கொள்ளலாமே என்று நாம் கேட்டது பேதைமை. சற்றுப் பேசாமல் இருந்துவிட்டு, "படம் வேண்டாம்டா, கார்டையே அனுப்பு" என்றான்.

மறுநாள் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை இரண்டாக வெட்டி, நடுவில் அட்டையை வைத்துக் கட்டினோம். மேலும் மடங்கக் கூடாதல்லவா. முகவரியை எழுதி முடித்து உறையை ஒட்டப்போகும் வேளையில் மகன் கையை நீட்டி ஒரு நிமிடம் பொறுக்கச் சொன்னான். அட்டையை வெளியே எடுத்தான். முன்புறத்தை ஒருமுறையும் பின்புறத்தை ஒருமுறையும் படமெடுத்துக்கொண்டு திருப்பித் தந்தான்.