யாரோட போனே?

திருவல்லிக்கேணியில் எங்கள் சந்தில் பன்னிரண்டு வயதுவரை அண்ணனின் சைக்கிளில் குரங்குப் பெடல் அடித்திருக்கிறேன். வயதுக்கு வந்ததும் அது நின்றது. யாரும் திட்டவில்லை, சைக்கிள் சாவியை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

நாற்பத்து மூன்றாம் வயதில் சொந்தமாக ஒரு சைக்கிள் வாங்கினேன். ஒரு ஞாயிறு, விடியும் முன் கிளம்பி, அடையாறு, திருவான்மியூர் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கி மிதித்தேன். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். முத்துக்காட்டுப் பாலத்தைத் தவிர மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. கால் வலிக்கவில்லை, தொண்டைதான் வறண்டது. பாட்டிலில் தண்ணீர் இருந்தது. வழியில் எங்கே ஒதுங்குவது என்ற பயத்தில் குடிக்கவில்லை. என்னைக் கடந்துபோன ஆண்கள் சாலையோரம் நிறுத்தி, வயிறு நிறையக் குடித்து, மரத்தடியில் ஒதுங்கிவிட்டுப் போனார்கள்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுத் தந்தது. கல்குவாரித் தொழிலாளிகள் உட்பட ஆயிரக்கணக்கானோர் கற்றார்கள். பேருந்துக்கும், கூட்டிப்போக ஓர் ஆணுக்கும் காத்திருப்பது குறைந்தது. அவர்களுக்குத் தண்ணீர், சந்தை, பிள்ளை என்று காரணம் இருந்தது. எனக்கு ஒரு காரணமும் இல்லை. காரணமில்லாமல் வெளியே போக எனக்கு முப்பது வருடம் பிடித்தது.

எட்டாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயில் தெரிந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"யாரோட போனே?"

"தனியாத்தான்."

சிறிது நேரம் சத்தமில்லை.

"அங்க காத்து நல்லா இருக்கா?"

நன்றாக இருந்தது. பக்கத்தில் கட்டணக் கழிப்பறையும் இருந்தது. பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்தேன்.