ஒரே ஒரு சுற்று

'சொந்தமா செய்றதா, சம்பளத்துக்குப் போறதா?' இந்தக் கேள்வி ஒரு முறையாவது உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கும்.

என் கதவை 29 வயதில் தட்டியது. நானும் நண்பனும் ஒரு சின்ன அச்சகம் நடத்தினோம். ஒரே ஒரு பழைய மெஷின். கல்யாணப் பத்திரிகை, பில் புக் என்று ஓடிக்கொண்டிருந்தது. பெரிய கம்பெனியில் நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள். ''இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்டா'' என்றான் நண்பன். நான் பார்க்கவில்லை. போய்விட்டேன்.

வருத்தமெல்லாம் இல்லை. ஆனால், ஆலன் குல்விக்கி ஞாபகம் வந்தால் மட்டும் உள்ளே என்னவோ குறுகுறுக்கும்.

குல்விக்கி, அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தய வீரர். ஸ்டாக் கார் பார்ப்பதற்கு ரோட்டில் ஓடுகிற கார் போலவே இருக்கும். உள்ளே எல்லாம் பந்தயத்துக்காகவே கட்டியது. அதில் உச்சம், நாஸ்கார் நடத்தும் போட்டிகள். அது தெற்கத்திக்காரர்களின் கோட்டை. குல்விக்கியோ வடக்கே விஸ்கான்சின்காரர். 1977-ல் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் பட்டம் வாங்கியவர். உள்ளூர்ப் பந்தயங்களில் ஓட்டிப் பழகியவர்.

இருந்ததையெல்லாம் விற்றுவிட்டு, நாஸ்கார் டீம்கள் குடியிருக்கும் சார்லட் நகரத்துக்குக் கிளம்பினார். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது என்னாச்சு தெரியுமா? அவருடைய டிரக் தீப்பிடித்து எரிந்துபோனது. 'சகுனம் சரியில்லை' என்று நாமாக இருந்தால் உட்கார்ந்திருப்போம். மனுஷன் ஒரு வண்டியை இரவல் வாங்கி, டிரெய்லரை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்!

1986-ல் சொந்த டீம். ஒரு கார், இரண்டு எஞ்சின், முழு நேரத்துக்கு இரண்டே ஆட்கள். அதை வைத்துக்கொண்டே அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் ஆனார். 1988-ல் ஃபீனிக்ஸில் முதல் வெற்றி. ஜெயித்ததும் காரைத் திருப்பி, எதிர்த்திசையில் ஒரு சுற்று வந்தார். அப்படி வந்தால்தான் டிரைவர் ஜன்னல் ரசிகர்கள் பக்கம் இருக்கும், கையசைக்க முடியும். போலந்து வம்சாவளிக்காரர் என்பதால் அதற்கு 'போலிஷ் விக்டரி லேப்' என்றே பேர் வந்தது.

அப்புறம்தான் அந்தக் கதவு தட்டும் சத்தம். ஜூனியர் ஜான்சன் என்ற ஜாம்பவான், 'என் டீமுக்கு வந்துடு' என்று கூப்பிட்டார். பேச்சு பத்து லட்சம் டாலர் வரை போனது. குல்விக்கிக்கு அப்போது இருந்த ஸ்பான்சரும் கைவிட்டுப் போன நேரம். அப்படியும் 'மாட்டேன்' என்றார்.

1992 நவம்பர் 15. அட்லான்டா. சாம்பியன் யார் என்று முடிவாகும் கடைசிப் பந்தயம். ஃபோர்டு நிறுவனத்தின் 'தண்டர்பேர்ட்' காரில் முதல் எழுத்துகளை நீக்கி, 'அண்டர்பேர்ட்' என்று ஓட்டினார். 'நான் எளியவன்தான்... வா, பார்க்கலாம்' என்பது அதன் அர்த்தம். புள்ளிகளில் முன்னால் இருந்த டேவி ஆலிசன் விபத்தில் சிக்க, எதிரே மிஞ்சியவர் பில் எலியட். அவர் யாருக்காக ஓட்டினார் தெரியுமா? அதே ஜூனியர் ஜான்சனுக்கு!

குல்விக்கியின் காரில் ஃபர்ஸ்ட் கியர் உடைந்துவிட்டது. ஜெயிக்கிற வேகமும் எலியட்டிடம்தான் இருந்தது. ஆனால், அதிகச் சுற்றுகள் முன்னணியில் ஓடியவருக்கு அப்போது 5 புள்ளி போனஸ் இருந்தது. எத்தனை சுற்று முன்னால் ஓடினால் அது உறுதி என்று அவருடைய ஆட்கள் கணக்குப் போட்டார்கள். அதுவரை பெட்ரோலுக்குக்கூட ஒதுங்காமல் ஓட்டினார். பந்தயத்தில் ஜெயித்தது எலியட். முன்னணியில் ஓடியது எலியட் 102 சுற்று, குல்விக்கி 103. பத்தே புள்ளி வித்தியாசத்தில் குல்விக்கி சாம்பியன்!

அந்த ஒரு சுற்று கை மாறியிருந்தால் இருவரும் சமம். அந்த வருடம் அதிகப் பந்தயம் ஜெயித்த எலியட்டுக்குத்தான் கோப்பை போயிருக்கும்.

ஐந்தே மாதம். 1993 ஏப்ரல் 1-ம் தேதி, பிரிஸ்டல் பந்தயத்துக்குப் போகும் வழியில் விமான விபத்தில் இறந்துபோனார். வயது 38. அந்தப் பந்தயத்தில் ஜெயித்த ரஸ்டி வாலஸ், காரைத் திருப்பி எதிர்த்திசையில் ஒரு சுற்று வந்தார்.

இதைப் படித்துவிட்டு வேலையை ராஜினாமா செய்துவிடாதீர்கள். குல்விக்கி மாதிரி கிளம்பி, காணாமல் போனவர்கள் நிறைய. என் குறுகுறுப்பு வேறு. அவர் கணக்குப் போடாமல் ஒரு சுற்றுகூட ஓடவில்லை. நான் அந்தச் சம்பளத்துக்குச் சரி சொன்னபோது பேப்பரும் பேனாவும் எடுக்கவே இல்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

உங்கள் கதவு தட்டப்படும்போது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போங்கள். ஆனால், ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்!