மூக்குப்பேணிக்கு ஒரு முகம்

சடப்பொருளிலே முகத்தைக் காண்பது மனித மனத்தின் நீண்டகால இயல்பு. நிலவின் கறையிலே பாட்டியைக் கண்ட பிள்ளைகள் பேருந்தின் முன்விளக்குகளிலே கண்களைக் காண்பதில் வியப்பில்லை. கேலிச்சித்திரத் திரைப்படம் இவ்வியல்பையே மூலதனமாகக் கொண்டு வளர்ந்தது. ஆயின், ஒரு பொருளுக்கு முகம் வரைவது வேறு. அம்முகம் அசைவதற்கான வழியை அமைத்துக் கொடுப்பது வேறு. பின்னைய வேலையை அத்துறையினர் ‘ரிகிங்’ என்பர். உருவத்தினுள்ளே கண்ணுக்குப் புலப்படாத எலும்புகளைப் பொருத்தி, அவற்றை இழுத்தும் திருப்பியும் ஆட்டுவதற்கான பிடிகளை அமைப்பதே அது. பொம்மலாட்டத்திலே நூல் கட்டுபவனின் வேலை போன்றது எனலாம்.

யாழ்ப்பாணக் கிராமமொன்றைச் சேர்ந்த கலைப்பீட மாணவன் ஒருவன், விடுமுறைக் காலத்தில் இவ்வேலையிலே இறங்கினான். இலவசமாகக் கிடைக்கும் ‘பிளெண்டர்’ என்னும் மென்பொருளும் பழைய மடிக்கணினி ஒன்றும் அவனிடம் இருந்தன. கதாநாயகனாக அவன் தேர்ந்தது, அம்மம்மாவின் அலுமாரியில் இருந்த மூக்குப்பேணியை. வயிறு பருத்து, பக்கத்திலே சிறு குழாயொன்று மூக்குப்போல நீண்டிருக்கும் அப்பித்தளைப் பாத்திரம், உதடு படாமல் அண்ணாந்து குடிப்பதற்கென அமைந்தது. பெயரிலேயே மூக்கு இருக்கிறது. கண்ணையும் வாயையும் சேர்த்துவிட்டால் முகம் நிறைவுறும் என்பது அவன் கணக்கு. 1991இல் வெளிவந்த டிஸ்னி நிறுவனத்தின் ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ திரைப்படத்தில் வரும் தேநீர்க் கேத்தலுக்கும் அதன் குழாயே மூக்காக அமைந்திருந்தமை அவனுக்குத் துணிவைத் தந்தது.

வேலை நினைத்ததைப்போல எளிதாக இருக்கவில்லை. பித்தளை வளையாது, வளையாத பொருளோ திரையில் உயிர்பெறாது. எனவே பேணியின் அடியிலே ஓர் எலும்பையும் வயிற்றிலே ஓர் எலும்பையும் மூக்கிலே மூன்று சிறு எலும்புகளையும் அவன் வைத்தான். மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் எந்த எலும்புக்கு எவ்வளவு கட்டுப்பட வேண்டும் என்பதை 0 முதல் 1 வரையுள்ள எண்ணால் வரையறுக்க வேண்டும். அந்த எண் சற்றுப் பிசகினாலும் மூக்கு திரும்பும்போது வயிறு கிழிந்தது போலத் தோன்றும். பேணி துள்ளி எழும்போது நீளவும் விழும்போது நசுங்கவும் வேண்டும். ஆனால் அதன் கனவளவு மாறக்கூடாது. உயரம் இருமடங்கானால் அகலமும் தடிப்பும் ஏறத்தாழ 0.71 பங்காக ஒடுங்க வேண்டும். இந்த விகிதம் தவறினால் பார்ப்பவன் அதனைப் பாத்திரமாக அன்றி ஊதிய பலூனாகவே காண்பான்.

முகத்தை அமைப்பது அதனினும் கடினமாயிற்று. கண்கள் இரண்டும் தனித்தனி உருண்டைகள். அவை எதிரேயுள்ள ஒரு புள்ளியை நோக்கியிருக்கும்படி பிணைத்துவிட்டால், அப்புள்ளியை நகர்த்தியதும் பார்வை நகரும். வாயின் ஓரம் பேணியின் வளைந்த வயிற்றை விட்டு விலகாமல் அதன்மீது வழுக்கிச் செல்ல வேண்டும். பல நாட்கள் உழைத்தபின், ஒரு பிடியை 0இலிருந்து 1க்கு நகர்த்த, மூடியிருந்த வாய் மெல்ல விரிந்து பேணி சிரித்தது. இன்னொரு பிடி புருவத்தை உயர்த்திற்று. மற்றொன்று கண்ணைச் சிமிட்டிற்று. வழிப்போக்கர்க்கெல்லாம் தாகந்தீர்க்கும் மகிழ்ச்சியான பேணி ஒன்றின் கதையே அவன் எடுக்கவிருந்த படம்.

அன்று மாலை, பேரனோடு வேலியடைக்க வந்திருந்த முதியவர் ஒருவர் விறாந்தையிலே அமர்ந்து பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். எண்பது வயதைக் கடந்தவர். மாணவன் மடிக்கணினியை அவர் முன்னே வைத்து, “அப்பு, இதென்னெண்டு தெரியுதோ?” என்று கேட்டான். அவர் சிறிதுநேரம் உற்றுப் பார்த்தார்.

“மூக்குப்பேணி. வடிவாத்தான் செய்திருக்கிறாய், தம்பி,” என்றவர், கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “ஆனா இது எங்களைப் பார்த்து ஒருநாளும் சிரிச்சதில்லை. எங்களுக்குச் சிரட்டையிலதானே தண்ணி வார்த்தவை.”

அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. வாசற்படியில் நின்ற அம்மம்மா எதுவும் பேசாமல் உள்ளே போனார்.

மாணவன் அறியாத செய்தியன்று அது. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டதையும், 1966இன் பின்னர் தேநீர்க்கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் நுழைவதற்காக ஒடுக்கப்பட்ட மக்கள் நடத்திய போராட்டங்களையும் அவன் படித்திருந்தான், பரீட்சையில் எழுதியுமிருந்தான். ஆயினும், படித்த அந்த வரலாறும் அலுமாரியில் இருந்த அந்தப் பேணியும் ஒரே வீட்டுக்கு உரியவை என்பது அன்றுவரை அவன் மனத்திற் படவில்லை.

இரவு மீண்டும் கணினியின் முன் அமர்ந்தபோது, தான் அமைத்த பிடிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். சிரிப்பு, வியப்பு, குறும்பு, கண்சிமிட்டல். ஒருவரைக் கண்டும் காணாதது போலிருக்க அந்த முகத்துக்கு வழியில்லை. வெட்கித் தலைகுனியவும் வழியில்லை. சிரிப்பின் பிடி 0க்குக் கீழே இறங்காதவாறு அவனே தடுத்திருந்தான். பிடி அமைக்கப்படாத உணர்ச்சியைப் பின்னர் வரும் எந்த அசைவூட்டக் கலைஞனாலும் அம்முகத்திலே வருவிக்க முடியாது. ஒரு பாத்திரம் எதை உணர வல்லது என்பது, அது அசையத் தொடங்குமுன்பே, திரையில் தோன்றாத ஒருவனால் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

மனிதர் விடயத்திலும் இது பொருந்துமா என்று அவன் எண்ணியிருக்கக்கூடும். அந்தப் பேணியிலே குடித்தவர்கள் எல்லோரும் கொடியவர்கள் அல்லர். யாருக்கு எந்தப் பாத்திரம் என்ற வழக்கம் அவர்கள் பிறக்குமுன்பே அவர்களுக்குள் பொருத்தப்பட்டிருந்தது. ஆயினும் மனிதன் பொம்மையல்லன். தனக்குள் இருக்கும் எலும்பைத் தானே இனங்கண்டு மாற்றியமைக்க அவனால் முடியும். மாற்றும்படி கேட்டுப் போராடியவர்களும் நம்மிடையே இருந்தார்கள். எனவே வழக்கத்தின்மீது பழியைப் போட்டுவிட்டு மனிதன் தப்பிவிட முடியாது.

அடுத்த வாரம் முழுவதும் அவன் முகத்தைத் திருத்தினான். வாயின் ஓரம் தாழ்வதற்கு வழிசெய்தான். உடல் ஒரு பக்கம் திரும்பியிருக்கக் கண்கள் மட்டும் மறுபக்கம் கள்ளமாகப் பார்ப்பதற்கு வழிசெய்தான். இமைகள் மெல்லத் தாழ்வதற்கு மட்டும் மூன்று நாட்கள் பிடித்தன. விரைவாகத் தாழ்ந்தால் அது உறக்கம். தயங்கித் தாழ்ந்தால்தான் வெட்கம்.

கதையிலே இப்போது ஒரு சிரட்டையும் வந்து சேர்ந்தது. அதற்கு முகம் வேண்டுமா என்று நெடுநேரம் யோசித்தான். 1986இல் பிக்சார் நிறுவனத்துக்காக ஜோன் லசற்றர் உருவாக்கிய ‘லக்ஸோ ஜூனியர்’ ஏறத்தாழ இரண்டு நிமிடமே ஓடும் படம். அதில் வரும் மேசைவிளக்குகளுக்குக் கண்ணுமில்லை, வாயுமில்லை. தலைசாய்வும் துள்ளலுமே மகிழ்ச்சியையும் துயரையும் உணர்த்திவிடுகின்றன. தேங்காய்க்குக் கண்கள் உண்டெனினும் அவன் தேர்ந்தது கண்ணில்லாத பாதியை. அதற்கு அவன் வைத்தது ஒரேயோர் எலும்பு. படலையடியிலே வைக்கப்பட்டிருக்கும் அச்சிரட்டை, நீர் விழும்போது சற்றே சாய்ந்து, மீண்டும் நேராகி நிற்கும், அவ்வளவுதான்.

படம் இன்னும் முடியவில்லை. முதியவர் அடுத்த முறை வரும்போது காட்டுவதற்கென ஒரு காட்சி மட்டும் ஆயத்தமாயிருக்கிறது. பேணி சிரட்டையைப் பார்க்கிறது, பார்வையை விலக்குகிறது, மீண்டும் பார்க்கிறது. அதன் இமைகள் தாழ்கின்றன. அந்தக் காட்சியில் அது சிரிப்பதில்லை.