டப்பாவில் கிடந்த சிரிப்பு

வேப்பூரில் உள்ள எங்கள் பழைய வீட்டின் பரணைச் சென்ற கோடை விடுமுறையில் ஒழித்தபோது, என் பள்ளிப் பருவத்துப் பிஸ்கட் டப்பா ஒன்று அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் புளித்த காடியின் நெடி முகத்தில் அறைந்தது. உள்ளே முப்பது நாற்பது பிலிம் துண்டுகள், நிறம் வெளிறிச் செம்மை மட்டும் எஞ்சியவையாய், ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

எண்பதுகளில் சிற்றூர்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஃபியூஸ் போன பல்புக்குள் நீரை நிரப்பி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, அப்பாவின் வேட்டியில் படம் காட்டிய தலைமுறை எங்களுடையது. டூரிங் டாக்கீஸில் எடுபிடியாக இருந்த அண்ணன் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு துண்டுகள் தருவார். நகைச்சுவைக் காட்சி என்றால் விலை கூடுதல்.

அந்த நெடி எனக்கு ஒரு வங்காள மௌனப் படத்தை நினைவூட்டியது. காளிபத தாஸ் 1931இல் இயக்கி, தாமே நாயகனாகவும் நடித்த 'ஜமாய் பாபு'. பட்டிக்காட்டு மருமகன் ஒருவன் கல்கத்தாவுக்கு வந்து வழிதவறி அல்லற்படும் கதை. பல பத்தாண்டுகள் காணாமற்போயிருந்து, மீண்டும் கிடைத்து, புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் 1300க்கு மேற்பட்ட மௌனப் படங்கள் எடுக்கப்பட்டன. எஞ்சியவை மிகச் சிலவே.

எஞ்சியவை ஏன் எஞ்சின என்று பார்த்தால் வியப்பாயிருக்கிறது. பால்கேயின் புராணப் படங்களில் கிடைத்தவற்றை, காப்பகத்தைக் கட்டியெழுப்பிய பி.கே. நாயர் தேடித்தேடிச் சேர்த்தார். 1933இல் வெளிவந்த 'மார்த்தாண்ட வர்மா'வை நாவலின் பதிப்புரிமை வழக்கு முடக்கியது. முடங்கியதாலேயே அது திருவனந்தபுரத்துப் பதிப்பகமொன்றில் பிழைத்துக் கிடந்து, 1974இல் காப்பகத்தை அடைந்தது. பக்திக்கு மதிப்புண்டு, வழக்குக்குச் சான்று வேண்டும். சிரிப்பை யார் காப்பார்? சிரித்து முடித்ததும் அதன் வேலை தீர்ந்துவிட்டதாகவே நாம் கருதுகிறோம். ஆனால் அந்த மருமகன் இடறி விழுந்து ஓடும் தெருக்களில்தான் அன்றைய கல்கத்தா இன்று நமக்குக் காணக் கிடைக்கிறது.

எங்கள் பக்கத்து விருத்தாசலத்தில் உடைந்த பீங்கான் பொம்மையைக் குப்பையில் எறிந்தாலும் அது நூறாண்டு கிடக்கும். பிலிம் அப்படியன்று. பழைய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும். அதிலிருந்த வெள்ளிக்காகவே பல சுருள்கள் அழிக்கப்பட்டன. பின்வந்த அசிடேட் பிலிம் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். அதுதான் என் டப்பாவின் காடி நெடி. ஒரு சுருளின் கேடு அடுத்த சுருளையும் தொற்றும்.

மீட்பவர்கள் கிழிந்த துளைகளை ஒட்டி, சுருங்கிய பிலிமைப் பக்குவப்படுத்தி, ஒவ்வொரு சட்டகமாகப் படியெடுக்கிறார்கள். மௌனப் படங்கள் பெரும்பாலும் இன்றைய 24 சட்டகங்களைவிடக் குறைந்த வேகத்தில் எடுக்கப்பட்டவை. சரியான வேகத்தைக் கண்டறியாவிட்டால் எல்லோரும் பொம்மைகளைப் போல ஓடுவார்கள். சோகக் காட்சி அதைத் தாங்கினாலும் தாங்கும், நகைச்சுவை தாங்காது. விழுபவன் விழ வேண்டிய கணத்தில் விழுந்தால்தான் சிரிப்பு.

தமிழாசிரியனாகிய எனக்கு இழப்பு புதிதன்று. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறேன். ஏடுகளை ஆற்றில் விட்டவர்களையும் அடுப்பிலிட்டவர்களையும் கடிந்து பேசியிருக்கிறேன். டப்பாவைத் திறந்த அன்றுதான், நானும் அவர்களுள் ஒருவன் என்று உறைத்தது.

ஒரு துண்டு மட்டும் சேதமின்றிப் பிரிந்தது. 14 சட்டகங்கள், அரை நொடிக்குச் சற்று மிகுதி. யாரோ ஒரு நடிகர் வழுக்கி, கைகளை விரித்து, காற்றில் சாய்ந்திருக்கிறார். முகம் தெரியவில்லை, படம் எதுவென்றும் விளங்கவில்லை. அடுத்த ஊர்க் கொட்டகையில் அந்தப் பிரதி ஓடியபோது அவர் வழுக்கியிருக்க மாட்டார். நின்றவர் சட்டென்று தரையில் கிடந்திருப்பார். மணலில் அமர்ந்திருந்தவர்கள் ஏன் சிரிக்க வேண்டும் என்று விளங்காமல் விழித்திருப்பார்கள்.

அவர்களுக்குச் சேர வேண்டிய சிரிப்பு முப்பத்தைந்து ஆண்டுகளாக என் வீட்டுப் பரணில் இருந்திருக்கிறது.