ஈயம் கலவாத செவி

கேட்கக்கூடாத சொல்லைக் கேட்டவர், ஈயத்தைக் காய்ச்சிக் காதில் ஊற்றியதுபோல் இருந்தது என்பார். ஆனால் இன்றைய கருவிகள் பலவற்றின் செவியே ஈயம் கலந்ததுதான் என்று படித்தபோது சற்றுத் திகைத்தோம். இங்கே ஈயம் என்பது ரசம் வைக்கும் ஈயச்சொம்பின் வெள்ளீயம் அன்று, நஞ்சான காரீயம்.

சென்ற ஆண்டு மகளின் வயிற்றின்மீது மருத்துவர் ஸ்கேன் கருவியின் முனையை நகர்த்த, திரையில் பேரக்குழந்தையின் இதயம் துடிக்கக் கண்டோம். அம்முனைக்குள் இருப்பது பெரும்பாலும் காரீயம் கலந்த மெல்லிய பீங்கான். மின்னழுத்தம் கொடுத்தால் அது அதிர்ந்து, நம் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பும். எதிரொலி வந்து மோதினால் மின்சாரம் தரும். பீசோமின் விளைவு என்னும் இப்பண்பைச் சில படிகங்களில் 1880ஆம் ஆண்டு கண்டறிந்தவர்கள் ழாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள். சமையலறை லைட்டரை அழுத்தும்போது தெறிக்கும் பொறியும் இதன் விளைவே.

வியப்பு என்னவெனில், இவ்வகைப் பீங்கான்களில் முதலாவதில் காரீயமே இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், ஜப்பான் ஆகிய நாடுகளில் தனித்தனியே அறியப்பட்ட பேரியம் டைட்டனேட் அது. ஆனால் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியசில் தன் ஆற்றலை இழந்துவிடும். 1954இல் பெர்னார்ட் ஜாஃபியும் உடன் ஆய்ந்தவர்களும் காரீய சிர்கோனேட்டும் காரீய டைட்டனேட்டும் கலந்த பீங்கானின் வல்லமையை வெளியிட்டனர். சிர்கோனியமும் டைட்டானியமும் ஏறக்குறையச் சரிபாதியாகக் கலக்கும் இடத்தில் இருவேறு படிக அமைப்புகள் ஒன்றோடொன்று போட்டியிடும். அங்கே உள்ளிருக்கும் மின்முனைவு சிறு தூண்டலுக்கும் எளிதில் திசை திரும்பும். எடையில் 60 விழுக்காட்டுக்கு மேல் காரீயமான அப்பீங்கானே உலகை ஆண்டது.

ஸ்கேன் செய்துகொள்பவருக்கு அதனால் தீங்கில்லை. காரீயம் பீங்கானுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. தீங்கு அதன் இரு முனைகளில் இருக்கிறது. சூளையில் சுடும்போது காரீய ஆக்சைடு ஆவியாகிறது. ஆயுள் முடிந்த கருவி கழிவுக்கிடங்கில் உடைக்கப்படுகிறது. குழந்தையின் மூளையைப் பாதிக்காத காரீய அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வண்டி மின்கலங்களின் காரீயத்தோடு ஒப்பிட்டால் இது சொற்பம் என்பர், உண்மைதான். ஆயினும் எம் வீட்டுக் குழந்தையைக் காட்டிய தகடு, இன்னொரு வீட்டுக் குழந்தையின் மூச்சில் துகளாய்க் கலக்கக்கூடும் என்ற எண்ணம் சொற்பமானது அன்று.

மாற்று இல்லாமல் இல்லை. 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பொட்டாசியம் சோடியம் நியோபேட் அடிப்படையில் ஒரு பீங்கானைப் படைத்தனர். ஒரு நியூட்டன் விசைக்கு 416 பிக்கோகூலும் மின்னூட்டம். காரீயப் பீங்கானுக்கு நிகர். ஆனால் பொட்டாசியமும் சோடியமும் சூளையில் ஆவியாகிவிடுவதால் ஒரே தரத்தில் வடிப்பது கடினம். 2009இல் பேரியம் டைட்டனேட்டில் கால்சியமும் சிர்கோனியமும் சேர்த்து 620 பிக்கோகூலும் வரை எட்டினர். அதுவோ 100 டிகிரியைத் தொடுமுன்பே ஆற்றலை இழக்கிறது. தனிம அட்டவணையில் காரீயத்துக்கு அடுத்த இடத்தில் நிற்கும் பிஸ்மத்தும் பொருத்தமானதே. அது பெரும்பாலும் காரீயம் முதலிய உலோகங்களின் தாதுக்களைப் பதப்படுத்துகையில் உபபொருளாய்க் கிடைப்பது! நியோபியத்துக்கோ பிரேசிலின் சுரங்கங்களையே உலகம் பெரிதும் நம்பியிருக்கிறது. சுரங்கம் என்றால் தோண்டிய மண்ணும் கழிவும் அங்கே எவர் வாசலிலோ குவியத்தான் செய்யும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் மின்னணுக் கருவிகளில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியபோது இப்பீங்கான்களுக்கு விலக்கு அளித்தது. அவ்விலக்கு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லும் துணிவு எங்களுக்கும் இல்லை. ஆனால் எல்லாக் கருவிக்கும் ஸ்கேனின் நுண்மை வேண்டுமா என்ன? பொம்மையின் ஒலிப்பானுக்கும் கைக்கடிகார அலாரத்துக்கும் குறைந்த ஆற்றலே போதுமே. காரீயம் இல்லாமல் நடக்கக்கூடிய இடங்களில் அதை முதலில் விடலாம். விடமுடியாத இடங்களில், பயன் முடிந்த பின் அத்தகடு எங்கே, யார் கையில் உடைகிறது என்று வாங்கும் நாளிலேயே கேட்கலாம். மருத்துவமனைகள் கேட்கத் தொடங்கினால் விற்பவர்கள் விடை வைத்திருந்தே ஆகவேண்டும்.