செவிக்குப் புதிய பாட்டு

நாவுக்குப் பழகிய உணவு இருப்பதுபோலச் செவிக்கும் பழகிய பாட்டு உண்டு. நாகூர் ஹனீபா அவர்களின் கம்பீரக் குரலும் தஃப்பின் முழக்கமும் நமக்கு அத்தகையவை. கல்யாணப் பந்தலிலும் கந்தூரித் திடலிலும் ஒலிபெருக்கி வழியே அவற்றைக் கேட்டு வளர்ந்த காது இது. அதற்கு அப்பால் ஒலிப்பனவெல்லாம் இரைச்சல் என்றே நெடுங்காலம் தீர்ப்பளித்து வந்தோம். அத்தீர்ப்பைத் திருத்த நேர்ந்த கதையை இங்கே சொல்ல முற்படுகிறோம்.

சென்ற பங்குனியில் குயிலாப்பாளையத்தில், மகள் வயிற்றுப் பேரனின் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தோம். 1968இல் தொடங்கப்பெற்ற ஆரோவில்லை ஒட்டி, செம்மண்ணும் முந்திரித் தோப்புமாக விளங்கும் ஊர் அது. அங்கே தொழிற்கூடம் ஒன்றில் பேரன் வேலை பார்க்கிறான். ஊர்ப் பெயரில் குயில் இருக்கிறது. ஆனால் மஃரிபுக்குப் பின் அவன் அறையிலிருந்து வந்ததோ குயிலோசை அன்று. உலக்கையால் இடிப்பது போன்ற தாளம். அதன்மேல் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போகும் ஒரு குரல்.

"இது பாட்டா, ஏசலா?" என்று கேட்டுவிட்டோம்.

"ரெண்டும்தான் நன்னா" என்று சிரித்தான். "தாளத்தை விடுங்க. சொல்லை மட்டும் கவனிச்சுப் பாருங்க."

ஹிப்ஹாப் என்னும் இவ்வகையின் பிறப்பை அவனே விளக்கினான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்ற இளைஞர் ஒரு விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டார். பாட்டின் நடுவே தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சிறு பகுதிக்கே மக்கள் விரும்பி ஆடுவதைக் கண்டவர் அவர். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை மாற்றி மாற்றி ஓட்டி, அப்பகுதியை நீட்டினார். நீண்ட தாளத்தின்மேல் பேச்சு ஏறியது. ஏழ்மை மிகுந்த அத்தெருக்களின் இளைஞர்கள் தம் கதையை அதிலே சொல்லலாயினர். மலேசியத் தமிழரான யோகி பி குழுவினர் 2006இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டபோது, தமிழும் அத்தாளத்தில் உரக்கப் பேசியது. திரைப்படத்தைச் சாராமல் தாமே இயற்றி வெளியிடுவோரின் பாடல்களை 'இண்டி' என்பார்களாம்.

அன்றிரவு படுக்கையில் காயல்பட்டினத்து வரகவி காசிம் புலவர் நினைவுக்கு வந்தார். அருணகிரிநாதர் வளர்த்த சந்தத்தை எடுத்து நபிகள் நாயகத்தின்மீது திருப்புகழ் பாடியவர் அவர். வல்லினமும் மெல்லினமும் முட்டி மோதி ஓடும் அந்தச் சந்தத்தை இளமையில் ஓதப் பழகியபோது நமக்கும் மூச்சு முட்டியதுண்டு. பிற சமயத்தார் வளர்த்த சந்தம் புலவருக்கு ஆகுமென்றால், பிற நாட்டார் வளர்த்த தாளம் பேரனுக்கு ஏன் ஆகாது? இந்தக் கேள்வி நம்மைச் சற்றே அடக்கிற்று.

மறுநாள் சொல்லைக் கவனிப்பதென்று உட்கார்ந்தோம். அவன் ஒலிக்கவிட்டது 'என்ஜாய் எஞ்சாமி'. தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்து, 2021 மார்ச்சில் வெளிவந்த பாடல். அறிவு தம் பாட்டியின் வாழ்வை அதில் வைத்திருக்கிறார். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, 1964 ஒப்பந்தத்தின் பின் தாயகம் அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானோர், இங்கு வந்தும் ஒரு காணி நிலம் இல்லாது நின்றார்கள். அவர்களுடைய குரல் அது. ஆட்டத்துக்குரிய தாளத்தினிடையே ஒப்பாரி ஒன்று எழுந்தபோது நாம் தலை குனிந்தோம். ஏனெனில் அந்தக் குரலை நாம் முன்பே கேட்டிருக்கிறோம்.

நாம் பிறந்தது அதே கடற்கரையில் வடக்கே உள்ள மரக்காணம். அத்தா உப்பளம் ஒன்றில் கணக்கெழுதினார்கள். உவர்நீர் பாத்திகளில் வற்றி உப்புப் பூத்ததும், வாரிக் குவித்ததைப் பெண்கள் கூடையில் சுமந்து கரையேற்றுவார்கள். பள்ளி விடுமுறையில் கூடைக்கு ஒரு கோடு போடுவது நம் வேலை. பத்து வயதிருக்கும். ஒரு நாள் சுமைகாரப் பெண்ணொருத்தி, "ஒரு கூடை விட்டுப்போச்சு தம்பி" என்றாள். வேடிக்கை பார்த்திருந்த நாம், "இல்லை" என்றோம். அத்தா நம் சொல்லை நம்பினார்கள். கூலி ஒரு கூடைக்குக் குறைந்தது. அவள் மார்பில் அடித்துக்கொண்டு, மூச்சு விடாமல், ஒரு தாளக்கட்டோடு முறையிட்டாள். அன்றும் அதை இரைச்சல் என்றே நினைத்தோம்.

பேரன் இன்னொரு பாடலும் கேட்கவைத்தான். இண்டிக் கவிஞர் கபேர் வாசுகி எழுத, டி. எம். கிருஷ்ணா பாடி 2017இல் வெளிவந்த எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றிய புறம்போக்குப் பாடல். மேய்ச்சல் நிலம், ஓடை, குளம் எனத் தனியொருவருக்குச் சொந்தமாகாமல் யாவருக்கும் பொதுவாய் இருப்பதே புறம்போக்கு. அச்சொல்லை வசைச்சொல் ஆக்கியவர்கள் நாம். அங்கே ராகம் கர்நாடகம், வழக்கு ஒன்றுதான். இவையெல்லாம் கணக்கில் விடுபட்ட கூடைகளைப் பற்றிய பாடல்கள்.

வாசகப் பெருமக்களே! இளையோர் கேட்பவை அனைத்தும் நல்லவை என்று நாம் வாதிடவில்லை. வீண் ஆரவாரமும் தகாத சொல்லும் அங்கே உண்டு. நம் காலத்துத் திரைப்பாட்டிலும் இருந்தன. தீர்ப்பு எழுதுமுன் சாட்சியைக் கேளுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

ஊர் திரும்பும் வழியில் மரக்காணத்தில் இறங்கினோம். அஸர் வெயிலில் பாத்திகள் வெண்மையாய்க் கண்ணைக் கூசின. பெண்கள் வரிசையாய்ச் சுமந்து போனார்கள். அடியானுக்குச் சேரவேண்டிய ஹக்கை அந்த அடியானே மன்னிக்க வேண்டும் என்று ஓதி வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பெண்ணின் பெயரைக்கூட அன்று நாம் கேட்டு வைக்கவில்லை.