ஒரு குமிழுக்கான இடம்

சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது அந்தப் பட்டறை. வால்வு செட் என்றால் இங்கேதான் கொண்டுவருகிறார்கள். நான் போனபோது மேசையில் கவிழ்ந்து கிடந்தது டைனாகோ ஸ்டீரியோ 70. ஃபிலடெல்ஃபியாவில் டேவிட் ஹாஃப்லர் நடத்திய நிறுவனம் 1959இல் வெளியிட்ட பவர் ஆம்பிளிஃபயர். நான்கு இஎல்34 வால்வுகள், சேனலுக்கு 35 வாட். அமெரிக்கச் சரக்கு என்பதால், நம்மூர் மின்சாரத்தை 120 வோல்ட்டாக இறக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் கூடவே வந்திருந்தது.

இதில் வால்யூம் குமிழ் கிடையாது. அது இதற்கு முன்னால் இணைக்கும் ப்ரீஆம்பின் வேலை என்று விட்டுவிட்டார்கள். செட்டின் உரிமையாளருக்கோ சிடி பிளேயரை நேராகச் செருக வேண்டும். பிளேயர் தருவது சுமார் 2 வோல்ட்; இந்த செட் முழு பவருக்குப் போக 1.3 வோல்ட்டே போதும். அப்படியே போட்டால் வீடு அதிரும்.

மெக்கானிக் முதலில் சால்டரிங் அயர்னைத் தொடவில்லை. இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலக்கையால் மட்டும் ஒரு ரெசிஸ்டரைக் கண்டென்சரில் பிடித்தார். மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை யாரும் பேசவில்லை. "உள்ள 400 வோல்ட்டுக்கு மேல ஓடுது சார். சுவிட்ச ஆஃப் பண்ணினாலும் கண்டென்சர் விடாது."

குமிழை அவுட்புட் பக்கம் வைத்தால் என்ன என்று கேட்டேன். சிரித்தார். வெளியே போகும் ஒலியில் கொஞ்சம் முதல் வால்வுக்கே திரும்பி வருகிறது. அந்தச் சுற்றுக்குள் எங்கே குறைத்தாலும், குறைந்ததை ஈடுகட்டத்தான் செட் பார்க்கும். ஆகவே சுற்றுக்கு வெளியே, இன்புட் வாசலிலேயே வைக்க வேண்டும்.

குமிழுக்காக அவர் எடுத்தது 100 கிலோ ஓம் ஸ்டீரியோ பாட் (பொட்டென்ஷியோமீட்டர்), லாகரிதமிக் வகை. பாதி திருப்பினால் சிக்னலில் 10 முதல் 15 சதவீதம்தான் போகும். காதுக்கு அதுதான் சீரான ஏற்றமாகக் கேட்கும். சேனலுக்கு மூன்று கால்கள்: ஒன்றுக்கு சிக்னல், ஒன்றுக்கு எர்த், நடுக்கால் வால்வின் உள்ளீட்டு முனையான கிரிடுக்கு. அங்கே ஏற்கெனவே இருந்த 470 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுக்கவில்லை. நாளைக்கு பாட் தேய்ந்து தொடர்பு விட்டாலும் கிரிட் அந்தரத்தில் தொங்காது. ஷீல்டு வயரின் வலையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தார்.

பெட்டியில் துளை போட மறுத்துவிட்டார். ஏற்கெனவே இருந்த ஸ்குரூவில் ஒரு அலுமினியப் பட்டையை மாட்டி, அதில் பாட்டைப் பொருத்தினார். "பின்னாடி வாங்குறவரு வேணாம்னா கழட்டணும். துளைய எப்படிக் கழட்டுறது?"

ஸ்பீக்கரை மாட்டிவிட்டுத்தான் ஆன் செய்தார். லோடு இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம். லேசாக இரைச்சல் கேட்டது. உதவிக்கு நின்ற பெண் குமிழை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்தாள். "மாறவே இல்லண்ணே. நம்ம வயரிங் இல்ல."

"பவர் கண்டென்சர் பழசாயிருக்கும். ஓனர்கிட்ட சொல்லு. அது தனி பில்லு."